நாளைக்கு என்றால் எந்த நாள்?

நம் ஞாயிறு சமய வகுப்பில் ஐந்து வயது முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகள் பதினான்கு பேர் இருக்கிறார்கள். ஒரு தேவாரம், ஒரு கதை, கடைசியில் மைலோவும் பிஸ்கட்டும் என்பது வழக்கம். இந்த ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி மட்டும் கதையை விட்டுவிட்டு ஒரு காலண்டரைக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டினேன். ஜார்ஜ் டவுனில் ஆண்டுக் கடைசியில் சீனர் மளிகைக் கடைகளில் கொடுப்பார்களே, எண்களைப் பெரிதாக அச்சடித்து, விடுமுறைக்குச் சிவப்பும் பந்தய நாளுக்குக் குதிரைப் படமும் போட்டது, அந்தக் காலண்டர்தான்.

"தைப்பூசம் பிப்ரவரி 1. இன்னும் எத்தனை நாள் இருக்கு? எண்ணுங்க பார்ப்போம்" என்றேன்.

ஒருவன் 28 என்றான். ஒருத்தி 29 என்றாள். இருவருக்கும் சண்டை. கடைசியில் பார்த்தால் அவன் இன்றைய நாளை விட்டு எண்ணியிருக்கிறான். அவள் சேர்த்து எண்ணியிருக்கிறாள். "இன்னிக்குப் பாதி முடிஞ்சிருச்சு, அத எப்படி எண்ணுவ?" என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. பெரியவர்களே இன்னும் தீர்க்காத வழக்கு அது. எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல வகுப்பு நடத்திவிட்டோம் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போனேன்.

ஐந்து வாரம் கழித்து, தைப்பூசம் முடிந்த மறு ஞாயிறு, ஒரு பிள்ளையின் அம்மா வகுப்பு வாசலில் காத்திருந்தார். பிள்ளைக்கு ஆறு வயது. அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார்.

"தம்பி, கோபமெல்லாம் இல்ல. ஆனா ஒன்னு கேக்கணும். ஏன் இவளுக்குக் காலண்டர் பாக்கக் கத்துக் குடுத்தீங்க? போன வருஷம்லாம் 'அப்பா நாளைக்கு வருவாரு'ன்னு சொன்னா தூங்கிடுவா. இப்ப தூங்க மாட்டேங்கறா. காலண்டர எடுத்துக் காட்டறா."

நடந்தது இதுதான். வெள்ளித்தேர் புறப்படும் நாளன்று வந்துவிடுவதாக அப்பா போனில் சொல்லியிருக்கிறார். தோளில் தூக்கிவைத்துத் தேங்காய் உடைப்பதைக் காட்டுவதாகப் பேச்சு. பிள்ளை ஜனவரி 31-ஐச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். பினாங்கில் தைப்பூசம் பொது விடுமுறை; இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் திங்களும் விடுமுறை. சிங்கப்பூரில் 1968-இலிருந்து தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை கிடையாது. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. தேர் வந்தது, தேங்காய் உடைந்தது, அப்பா வரவில்லை. அன்று இரவு அவள் கேட்டாளாம்: "நான் தப்பா எண்ணிட்டேனாம்மா?"

அந்த அம்மாவுக்கு நான் அன்று சரியான பதில் சொல்லவில்லை. "பரவால்லக்கா, பழகிடுவா" என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. காலத்தை எண்ணத் தெரியாத பிள்ளைக்கு எண்ணக் கற்றுக்கொடுப்பது உதவியா, உபத்திரவமா? தெரியாமல் இருந்தவரை நிம்மதியாகத் தூங்கிய ஒரு குழந்தையை நான்தான் எழுப்பி உட்கார வைத்துவிட்டேனா?

எண்ணத் தெரியாதவர்களின் காலம்

சின்னப் பிள்ளைகள் பேசுவதைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். மூன்று வயதில் நடந்ததெல்லாம் 'நேத்து'தான். போன தீபாவளியும் நேத்து, காலையில் சாப்பிட்ட தோசையும் நேத்து. இனி நடக்கப்போவதெல்லாம் 'நாளைக்கு'. முந்தாநேத்து, நாளன்னிக்கு என்ற சொற்களெல்லாம் பிறகுதான் இடம் பிடிக்கின்றன. அந்த வயதில் காலம் பிள்ளையின் கையில் இல்லை. நம் வாயில் இருக்கிறது. நாம் சொல்வதுதான் நாள்.

அதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் யாருக்குச் சுகம்? யோசித்துப் பார்த்தால், 'நாளைக்கு' என்ற சொல் தூங்கவைத்தது பிள்ளையை மட்டுமல்ல, நம்மையும்தான். "நாளைக்கு வாங்கித் தர்றேன்", "அடுத்த வாரம் பூமலைத் தோட்டத்துக்குப் போலாம்", "ஸ்கூல் லீவுல போலாம்." கேட்பவருக்குக் கணக்குத் தெரியாது என்ற தைரியத்தில் சொல்லப்படும் வார்த்தைகள் இவை.

கணக்குத் தெரியாதவர்களிடம் தேதி சொல்லி ஏமாற்றுவது நம் சமூகத்துக்கு நேர்ந்த அனுபவம். நம் முன்னோர்களில் பலர் கப்பலில் வந்து இறங்கியது இதே பினாங்குத் துறைமுகத்தில்தான். எதிர்க்கரையில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களிடம் இத்தனை வருடம் என்று ஒரு கணக்குச் சொல்லப்பட்டது. பயணச் செலவு கடனாக ஏறியது. கடன் தீராதவர்களுக்கு வருடமும் தீரவில்லை. 1910-இல் அந்த முறை நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகும் ரப்பர்த் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவனின் நாளை எழுதியது கிராணியின் செக்ரோல்தான். முழுப்பேரா அரைப்பேரா என்று அந்தப் புத்தகம் சொன்னது. 'நான் இந்த மாதம் இத்தனை நாள் வேலை செய்தேன்' என்று தன் கையால் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருந்தவன் மட்டுமே கேள்வி கேட்க முடிந்தது.

ஆகவே என் முதல் பதில் இது: எண்ணத் தெரியாமல் இருப்பது நிம்மதி இல்லை, அது அடுத்தவர் தயவில் வாழ்வது. பிள்ளைக்கு நாள் எண்ணக் கற்றுக்கொடுப்பது, நாம் கொடுக்கும் வார்த்தையை அளந்து பார்க்க ஒரு அளவுகோலை அதன் கையில் கொடுப்பது. அதனால் நமக்குச் சங்கடம் வரும். வரத்தான் வேண்டும்.

ஒரு தாளில் எத்தனை பேர்

இன்னொரு காரணமும் உண்டு. பினாங்கில் வளரும் பிள்ளைக்குக் காலண்டர் என்பது வெறும் எண் இல்லை. யார் யாரோடு வாழ்கிறோம் என்பதை அந்தத் தாள்தான் முதலில் சொல்கிறது.

வகுப்பில் கிழமைப் பெயர்களை மூன்று மொழியிலும் சொல்லிப் பார்த்தோம். தமிழில் திங்கள் என்றால் நிலா. மலாயில் 'இஸ்னின்' அரபியிலிருந்து வந்தது. இரண்டு என்று பொருள். மாண்டரினில் அதே நாள் 'கிழமை ஒன்று'. ஒரே நாள் ஒருவருக்கு நிலா, ஒருவருக்கு இரண்டு, ஒருவருக்கு ஒன்று. "அப்ப யாரு கரெக்ட் அண்ணா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாருக்கும் மறுநாள் செவ்வாய்தான் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டான். சுங்கைப் பட்டாணியில் இருக்கும் தன் மாமா மகன் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் போகிறான் என்பதை இன்னொருத்தி பெரிய அதிசயமாகச் சொன்னாள். கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. பாலம் தாண்டி ஒரு மணி நேரத் தூரத்தில் ஞாயிறே வேறு ஞாயிறு.

தைப்பூசம் ஏன் ஒவ்வொரு ஆண்டும் இடம் மாறுகிறது என்று கேட்டார்கள். 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. இதைச் சிறுவர்களுக்குச் சொல்லலாம், கஷ்டம் இல்லை. தை மாதம் சூரியன் கணக்கு. பூசத்தோடு கூடிவரும் பௌர்ணமி நிலாவின் கணக்கு. நிலா பன்னிரண்டு முறை வளர்ந்து தேய ஏறக்குறைய 354 நாள். சூரிய ஆண்டுக்கு 365 நாள். ஆகவே ஒவ்வொரு ஆண்டும் பௌர்ணமி பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துவிடும். 2024-க்கு அடுத்த ஆண்டு ஜனவரி 13-இல் பௌர்ணமி வந்தது. ஆனால் அன்று இன்னும் மார்கழி, தை பிறக்கவில்லை. முருகன் அடுத்த நிலாவுக்குக் காத்திருந்தார். பிப்ரவரிக்குப் போயிற்று. "முருகனும் வெயிட் பண்ணுவாரா?" என்றாள் ஒருத்தி. பண்ணுவார் என்றேன்.

அந்த 2025-ஐயே எடுத்துக்கொள்வோம். தைப்பூசம் பிப்ரவரி 11. மறுநாள் சீனர்களின் சாப் கோ மே. எஸ்பிளனேடில் கடலில் ஆரஞ்சுப் பழம் வீசும் நாள். அதே வாரம் வெள்ளிக்கிழமை, நோன்புக்கு முந்தைய மாதத்தின் நடுநாளை முஸ்லிம்கள் அனுசரித்தார்கள். மூன்று சமூகத்தாரும் அண்ணாந்து பார்த்தது பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து எழும்பிய அந்த ஒரே முழுநிலாவைத்தான். அதற்கு முன் 2024-இல் அக்டோபர் 3-ஆம் தேதி நம் வீடுகளில் கொலு வைத்தபோது, அதே நாளில் சீனர் கோயில்களில் ஒன்பது பேரரசர் திருவிழா தொடங்கியது. இரு பக்கமும் ஒன்பது நாள், இரு பக்கமும் சைவச் சாப்பாடு. இதையெல்லாம் ஒரு பிள்ளை புத்தகத்தில் படிக்க வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் தாளை ஒழுங்காகப் பார்த்தால் போதும்.

திருநாள் என்பது ஒரு சமூகம் தனக்குள் கொடுத்துக்கொள்ளும் வாக்கு. 'அன்றைக்கு எல்லாரும் வருவோம்' என்பதுதான் அந்தச் சிவப்பு எண்ணின் அர்த்தம். யாரும் தனித்தனியாக அழைக்கவில்லை; ஆனாலும் விடிவதற்குள் தெரு நிறைந்துவிடுகிறது. வாக்கைக் காப்பாற்றுவது எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளை முதலில் காண்பது அங்கேதான்.

நாள் நமக்குச் செய்வதும், நாம் நாளில் செய்வதும்

ஒரு பெற்றோர் கேட்டார்: "தமிழ் காலண்டர்னா ராகு காலம், எமகண்டம் சொல்லிக் குடுக்கலியா?" இல்லை, சொல்லிக் கொடுக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை உள்ளவர்களை நான் குறை சொல்லவில்லை. என் பாட்டி நேரம் பார்க்காமல் வாசற்படி தாண்டியதில்லை. ஆனால் காலண்டரில் நாம் வழக்கமாகப் படிக்கும் கணக்குப்படி திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி மணி அடிக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். அதோடு, அந்தக் கணக்கு ஆறு மணிக்குச் சூரியன் உதிப்பதாக வைத்துப் போட்டது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. இன்று பினாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் தலை காட்டுகிறது. நம் வானத்துக்குப் பொருந்தாத மணியைப் பார்த்து நம் பிள்ளை பயப்பட வேண்டுமா?

நாளும் கோளும் சரியில்லை, மதுரைக்குப் போக வேண்டாம் என்று அப்பர் பெருமான் தடுத்தபோது ஞானசம்பந்தர் பாடியதே கோளறு பதிகம். பாடிவிட்டு அவர் கிளம்பிப் போனார். அந்தப் பதிகத்தை வகுப்பில் பாடுகிற நாம், அடுத்த நிமிடமே பிள்ளைக்கு நாளைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொடுத்தால் அதில் பொருத்தம் இல்லை. பெரியவர்கள் ஆன பிறகு அவரவர் விருப்பப்படி பஞ்சாங்கம் பார்க்கட்டும். ஆனால் 'இந்த நாள் எனக்கு என்ன செய்யும்?' என்பது ஆறு வயதின் முதல் கேள்வியாக இருக்கக் கூடாது. 'இந்த நாளில் நான் என்ன செய்வதாகச் சொன்னேன்?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நேர்த்திக்கடனும் வீட்டுக்கடனும்

காவடி எடுப்பவர்களைக் கேளுங்கள். 48 நாள் விரதம் இருப்பவர் இந்த ஆண்டு மார்கழி முதல் நாளான டிசம்பர் 16-இல் தொடங்கியிருந்தால், தைப்பூசம் சரியாக நாற்பத்தெட்டாவது நாள். ஒரு நாள் கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். அதற்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: நேர்த்திக்கடன். சொன்ன சொல் கடன். குறித்த நாளில் தீர்க்க வேண்டும். தண்ணீர்மலை ஏறும்போது யாரும் "முருகா, இந்த வாரம் கொஞ்சம் பிஸி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று சொல்வதில்லை.

அதே நாம் பிள்ளையிடம் எத்தனை முறை சொல்கிறோம்?

பெற்றோரை மட்டும் சொல்லவில்லை. நம் இயக்கத்தையும் சேர்த்துத்தான். அழைப்பிதழில் 'சரியாக மாலை மணி 7.00-க்கு' என்று அச்சடித்துவிட்டு எட்டு மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றுபவர்கள் நாம். முன்வரிசையில் தூங்கி வழியும் பிள்ளை அன்று ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது. 'அச்சில் போட்டது வேறு, நடப்பது வேறு. நேரத்துக்கு வந்தவன் ஏமாளி' என்பதே அந்தப் பாடம். இதை நாம் பாடத்திட்டத்தில் வைக்கவில்லை. ஆனால் தவறாமல் நடத்துகிறோம்.

கடவுளிடம் வாக்குத் தவறினால் தண்டிப்பார் என்ற பயம் இருக்கிறது. பிள்ளையால் தண்டிக்க முடியாது. 'நான் தப்பா எண்ணிட்டேனா' என்று தன்னைத்தான் சந்தேகப்படும். அதனாலேயே அந்தக் கடன் இன்னும் பெரியது என்று நினைக்கிறேன்.

குட்டி நட்சத்திரம்

அப்படியானால் அந்த அப்பா குற்றவாளியா? இல்லை. அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. லீவு கொடுப்பது அவர் கையில் இல்லை. வாழ்க்கையில் முக்கால்வாசி தேதிகள் அப்படித்தான். எல்லாத் தேதியையும் காப்பாற்று என்று சொல்வது எளிது. அது மனிதனால் ஆகாது. இந்த இடத்தில்தான் நான் சில நாள் சிக்கிக்கொண்டேன். வழி காட்டியது மறுபடியும் அந்தக் குதிரைக் காலண்டர்தான்.

அடுத்த வகுப்பில் மார்ச் மாதத் தாளைப் புரட்டினோம். 21-ஆம் தேதி ஹரி ராயா. அதன் பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரக் குறி. அது என்ன என்று கேட்டார்கள். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினேன்: இந்தத் தேதி மாறலாம். நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் பிறை பார்ப்பார்கள். அன்றிரவு அரச முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் அறிவிப்பார். அதற்குப் பிறகுதான் உறுதி. "அதுவரைக்கும் ஆன்ட்டி பலகாரம் செய்ய மாட்டாங்களா?" என்றான் ஒருவன். செய்வார்கள். ஆயத்தமாகத்தான் இருப்பார்கள். ஆனால் ஒரு நாள் தள்ளிப்போனால் யாரும் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்கள். ஏனென்றால் மாறலாம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

வகுப்பு முடிந்ததும் அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். "அக்கா, அவளுக்கு எண்ணத் தெரிஞ்சது தப்பில்ல. அண்ணன் தேதி சொல்லும்போது நட்சத்திரம் போட்டுச் சொல்லச் சொல்லுங்க. நிச்சயம்னா நிச்சயம்னு சொல்லட்டும். தெரியலன்னா, 'வரணும்னு இருக்கேன், லீவு கிடைச்சாத்தான்'னு அவகிட்டயே சொல்லட்டும். அவளுக்குப் புரியும்." அவர் நம்பாமல்தான் தலையாட்டினார்.

சீனப் பெருநாளுக்கு முதல் நாள், பிப்ரவரி 16, வருவதாக அப்பா சொன்னாராம். "ஆனா ஸ்டார் போட்டுக்க பாப்பா, பஸ் டிக்கெட் இன்னும் கிடைக்கல" என்றாராம். அவள் 16-க்கு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கோணல் நட்சத்திரமும் வரைந்தாள். அன்று இரவு அவர் வரவில்லை. மறுநாள் காலையில்தான் வந்து இறங்கினார். அந்த இரவு எப்படிப் போனது என்று கேட்டேன். "தூங்கிட்டா தம்பி" என்றார் அந்த அம்மா. "'ஸ்டார் இருக்குல்ல'ன்னு அவளே சொல்லிட்டுத் தூங்கிட்டா."

அன்று வாசலில் நான் சமாளித்த கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. பிள்ளைக்குக் காலண்டர் கற்றுக்கொடுங்கள். நிலாவைக் காட்டிக் கற்றுக்கொடுங்கள், பக்கத்து வீட்டாரின் திருநாளையும் காட்டுங்கள். ஆனால் அதைக் கற்றுக்கொடுத்த நாளிலிருந்து நமக்கும் ஒரு விரதம் தொடங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். முடிகிற தேதியை மட்டும் பேனாவால் எழுதுவோம். முடியுமா தெரியாது என்றால், மறைக்காமல் நட்சத்திரம் போடுவோம். 'நாளைக்கு' என்று சொல்லுமுன் எந்த நாள் என்று நம்மை நாமே ஒரு தடவை கேட்டுக்கொள்வோம்.

அடுத்த மாதப் பெற்றோர் கூட்டம் காலை மணி 9.00-க்கு. நட்சத்திரம் இல்லை.